கறுப்பு டைல்

பரமக்குடிக்காரர் முனியசாமி பதித்த டைல் மயிரிழை பிசகி யாரும் பார்த்ததில்லை. பதினோரு வருடமாக ஷார்ஜா தொழில்பேட்டை கேம்ப்தான் வாசம். 2009-இல் துபாயில் பூமிக்கடியில் மெட்ரோ ஸ்டேஷன் வேலை. இன்னும் ஒரு ரயில்கூட ஓடவில்லை, அதற்குள் அதை ராஜா காலத்து அரண்மனை போலக் காத்தார்கள். அதன் அழகு பாதுகாக்கப்பட்டதாம்! சோதித்துக் கையெழுத்தான பிறகு, வேலையை மேற்பார்க்கும் கன்சல்டன்ட் உத்தரவில்லாமல் ஒரு டைலை அசைக்கக் கூடாதாம்.

பன்னிரண்டு சுவர்களில் கடைசியான நீலச் சுவர் முடிந்தால் முனியசாமிக்கு லீவு. மகளுக்கு மூன்று வயது. முகத்தைப் போட்டோவில் பார்த்ததோடு சரி. அப்பன் வந்தபிறகுதான் காதுகுத்து என்று இரண்டு தேதி தள்ளியாயிற்று.

சுவர் கடலலை மாதிரியே வந்துவிட்டது. இத்தனை அழகுக்குக் கண்பட்டால்? ஊராக இருந்தால் பூசணிக்காய் கட்டலாம். இங்கே கட்டினால் வேலை போய்விடும். அதனால் கீழ் மூலையில் ஒரே ஒரு கறுப்பு டைலைப் பதித்தார், பிள்ளை கன்னத்து மைப்பொட்டு போல. சோதிக்க வந்தவர்கள் அதைக் கவனிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள்.

மறுநாள் போர்மேன் விஜயபாஸ்கர் கண்ணில் பட்டது.

“அண்ணே, என்ன இது?”

“திருஷ்டிக்கு, தம்பி.”

“தலையில அடிச்சுக்கவா? பேத்து எடுங்க!”

ஆபீசுக்குப் போய்த் திரும்பிய விஜயபாஸ்கர் முகம் இருண்டிருந்தது. “எடுக்கக் கூடாதாம். கையெழுத்தாயிருச்சுல்ல. கன்சல்டன்ட் வந்து பாக்குற வரைக்கும் உங்க லீவு நிக்குது.”

வைக்கவும் கூடாது, எடுக்கவும் கூடாது! முனியசாமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினெட்டு நாள் கழித்து வெள்ளைக்காரக் கன்சல்டன்ட் வந்தார், குனிந்து பார்த்தார், காரணம் கேட்டார், முனியசாமியின் தோளில் தட்டிவிட்டுப் போனார். அவரை வழியனுப்பிவிட்டு விஜயபாஸ்கர் வந்தார்.

“அவருக்கு ரொம்பப் பிடிச்சிருச்சாம்ணே. மத்த பதினோரு சுவத்துலயும் வைக்கணுமாம். நீங்கதான் வைக்கணுமாம்.”

“என் லீவு?”

“ஒவ்வொரு டைலுக்கும் தனித்தனியா கையெழுத்து வாங்கணும். ரெண்டு மாசம் ஆகும்ணே.”

அன்று சாயங்காலமே மனைவி நாகவள்ளிக்குப் போன் போட்டு, சுவரையும் வெள்ளைக்காரரையும் தன் கையையும் வாய் ஓயும்வரை திட்டித் தீர்த்தார்.

“இன்னும் ரெண்டே மாசம் பொறு, நாகு.”

“நேத்து குத்தியாச்சுங்க. இனிமே தள்ள முடியாதுன்னு எங்கண்ணன் சொல்லிருச்சு. அது மடியில வச்சுத்தான் குத்துனோம்.”

“புள்ள அழுதாளா?”

“அழுதா. அண்ணன் கழுத்தைக் கட்டிக்கிட்டு, அப்பா அப்பான்னு அழுதா.”