பச்சை விளக்குக்குக் காத்திருந்தவர்

வின்சன்ற் அண்ணை இளவயதில் பதினொரு தடவை விமானத்தில் ஏறியவர். ஒரு தடவையாவது அதற்குள் இருந்தபடி தரையிறங்கியதில்லை. பன்னிரண்டாவது தடவையாக, 1990இல் பாரிசிலிருந்து ரொறன்ரோவுக்கு வந்தபோது, விமானம் தாழத் தொடங்கியதும் மனுசன் வெளிறிப்போய்ப் பக்கத்தில் இருந்த மனைவியின் கையைப் பிடித்து, "இப்ப நாம என்ன செய்யணும்?" என்று கேட்டிருக்கிறார். "ஒண்டும் செய்யத் தேவையில்லை, பேசாமல் இருங்கோ" என்றாளாம் புஸ்பராணி. அவளே இதை என்னிடம் பலமுறை சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

புஸ்பராணி என் மாமாவின் மகள், எனக்கு மச்சாள். முறைப்படி பார்த்தால் அவளை நான்தான் கட்டியிருக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் அதைப் பற்றிப் பேச்சும் நடந்தது. எண்பத்தைந்தில் கனடாவுக்கென்று புறப்பட்டவள், கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் இடைவழியில் கைவிட்டதால் பாரிசிலேயே நின்றுவிட்டாள். அங்கே அவளுடைய அகதி விண்ணப்பத்தைப் பிரெஞ்சில் எழுதிக்கொடுக்க வந்த புதுச்சேரிக்காரர்தான் வின்சன்ற். எட்டுப் பக்கத்தை மொழிபெயர்க்க அவருக்கு இரண்டு வருசம் எடுத்தது. முடிந்த கையோடு கல்யாணம். அந்த மொழிபெயர்ப்பைப் பற்றி எனக்கு இன்றைக்கும் ஒரு கடுப்பு உண்டு.

மாமாவின் பெயர் பொன்னம்பலம், ஓய்வுபெற்ற தபாலதிபர். அவரைக் கனடாவுக்கு எடுப்பித்த மகன் ரொறன்ரோவுக்கு வெளியே விட்பியில் புதுவீடு வாங்கிப் போனான். கூடப் போன மாமா, "அங்கை கதைக்க ஒரு சனம் இல்லை" என்று ஒரே மாதத்தில் ரொறன்ரோவுக்குத் திரும்பி, சென் ஜேம்ஸ் ரவுணில் பதினோராம் மாடியில் இருந்த என் அப்பார்ட்மென்றுக்கு வந்துவிட்டார். அதே கட்டடத்தில் பதினான்காம் மாடியில்தான் மகளும் வின்சன்ற் அண்ணையும் இருந்தார்கள்.

பின்னேரம் ஐந்து மணிக்கு மாமா மகள் வீட்டுக்குப் போவார். கையில் ஒரு பிளாஸ்க் இருக்கும். அதற்குள் என் குசினியில் தானே போட்ட தேத்தண்ணி. மகள் வீட்டுச் செற்றிக் கதிரையில் இருந்தபடி, பிளாஸ்க்கின் மூடியில் ஊற்றிக் குடித்துவிட்டு, திரும்ப மூடிக்கொண்டு லிஃப்டில் இறங்கி வருவார். வேதக்காரர் வீட்டில் அவர் பச்சைத் தண்ணீரும் குடிக்கமாட்டார். எங்களூரில் கிறிஸ்தவர்களை அப்படித்தான் சொல்லுவோம். ஆள் என்ன ஆள், எந்தப் பகுதி என்று விசாரிக்கலாம் என்றால் புதுச்சேரியில் மாமாவுக்கு ஒரு தபாலதிபரையும் தெரியாது. ஆகவே 'மருமகன்' என்ற சொல் ஒருநாளும் அவர் வாயில் வந்ததில்லை. "மகளின்ர மனுசன்" என்பார். ஆள் எதிரே இருந்தாலும், "புஸ்பம், அவரிட்டைச் சொல்லு, டீவியைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லி" என்பார்.

"எனக்குச் சின்ன வயசிலயே அப்பா போயிட்டாரு தம்பி" என்று வின்சன்ற் அண்ணை ஒருநாள் என்னிடம் சொன்னார். "மாமா நம்ம வீட்ல ஒரு கப் டீ குடிச்சாப் போதும். வேற ஒண்ணும் வேணாம்." அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கோ, பெண்ணைக் கொண்டுபோனது போதாமல் மாமாவையும் கேட்கிறாரே என்று எரிச்சல் வந்தது. ஆனாலும் பாவமாகவும் இருந்தது.

இந்த மனுசன் எப்படி விமானத்திலிருந்து குதித்தார் என்று கேட்பீர்கள். புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கையை விட்டுப் போனபோது அவருடைய தகப்பன் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டவர். பத்து வயதில் தாயோடு கப்பலேறிப் பிரான்சுக்குப் போனார் வின்சன்ற் அண்ணை. இருபது வயதில், அந்த நாட்டு ஆண்பிள்ளைகள் எல்லோருக்கும் வருவதுபோல, பட்டாளத்துக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. கட்டாய சேவை, பன்னிரண்டு மாதம். எந்தப் பிரிவு வேண்டும் என்று ஒரு தாளை நீட்டினார்கள். ஆகாயம் சம்பந்தப்பட்ட ஏதோ ஒன்றில் அடையாளமிட்டார். ஓடுபாதையைக் கூட்டுகிற வேலையாக இருக்கும், மழைக்கு ஒதுங்க ஒரு கொட்டகையாவது கிடைக்கும் என்பது அவர் கணக்கு. பரசூட் காலாட்படையில் கொண்டுபோய் விட்டார்கள்.

முதல் தடவை கதவைத் திறந்தபோது கீழே பிரான்ஸ் தேசம் இருந்ததாம். அவருக்கு அதில் கால்வைக்கிற எண்ணமே இருக்கவில்லை. கதவுக்குப் பக்கத்தில் இரண்டு விளக்குகள். சிவப்பு எரிந்தால் அசையக்கூடாது, கண்ணிமைக்கக்கூட யோசிக்க வேண்டும். பச்சை எரிந்ததும் சார்ஜன்ற், "கோ!" என்று காதுக்குள் கத்தி முதுகில் ஒன்று போடுவார். "அந்த அடியிலதான் நான் வெளிய போனேன். பதினொரு தடவையும் அப்படித்தான்" என்பார். கீழே விழுந்து பரசூட்டைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு ஏழெட்டு மைல் நடக்க வேண்டும். நடப்பது பிடித்ததாம், ஏனென்றால் அது தரையில்.

பன்னிரண்டு மாதம் முடிந்து வந்தபோது, சுடுவது, ஓடுவது எல்லாம் மறந்துபோனது. சிவப்பு விளக்கு மட்டும் உடம்பில் தங்கிவிட்டது. சென் ஜேம்ஸ் ரவுணில் பாதித் தமிழர் பார்த்திருப்பார்கள்: மைனஸ் இருபது குளிர், றோட்டில் ஒரு கார் இல்லை, நாங்கள் எல்லோரும் ஓடிக் கடந்து கோப்பிக் கடைக்குள் போய்விட்டோம், அந்தப் பக்கத்தில் இந்த மனுசன் தனியே சிவப்பு விளக்கைப் பார்த்தபடி விறைத்துக்கொண்டு நிற்பார்.

கனடாவில் பிரெஞ்சும் அரசமொழி, போனதும் நாற்காலி போட்டு இருத்துவார்கள் என்று நம்பி வந்தவர் அவர். ரொறன்ரோவில் அவருடைய பிரெஞ்சைக் கேட்க ஒரு நாதியும் இல்லை. கடைசியில் கிடைத்தது டவுன்டவுனில் ஒரு கட்டடத்தின் கார் பார்க்கிங்கில், நிலத்துக்குக் கீழே மூன்றாம் தட்டில், ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்து ரிக்கெற் கொடுக்கிற வேலை. வானத்திலிருந்து குதித்த எங்கள் ஒரேயொரு ஆளுக்குக் கனடா அவ்வளவு ஆழத்தில்தான் இடம் கொடுத்தது. "பாதுகாப்பான வேலைதான்" என்றார் அவர், மெய்யாகவே சந்தோசப்பட்டு.

வேடிக்கை என்னவென்றால், மாமாவுக்கு அந்த மனுசனில் பிடித்த ஒரே விசயம் பரசூட். லிஃப்டுக்குக் காத்து நிற்கிற ஆட்களிடம் எல்லாம், "மகளின்ர மனுசன் பிரெஞ்சு ஆமியிலை பரசூட்டிலை குதிச்சவர், தெரியுமோ?" என்பார். வின்சன்ற் அண்ணை பொய் சொல்லத் தெரியாதவர்.

"நான் குதிக்கலை மாமா, தள்ளிவிட்டாங்க. எனக்குப் பயம்."

"கேட்டியோ மகேஸ்?" என்று மாமா என் பக்கம் திரும்புவார். "உண்மையான வீரன் இப்பிடித்தான் கதைப்பான்."

தொண்ணூற்றாறில் ஸ்காபரோவில் எங்கள் முருகன் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் வந்தது. முன்பு கார்ப்பெற் வைத்திருந்த கிடங்கு அது. கூரைக்கு மேலே பன்னிரண்டடியில் ஒரு கோபுரம் எழுப்பியிருந்தார்கள். கோயில் சபைத் தலைவர் ஸ்ரீதரனுக்கு ஆசை பெரிது: கலசத்தில் நீர் ஊற்றும்போது ஹெலிகொப்ரரிலிருந்து பூத் தூவ வேண்டும். ஒஷாவாவில் ஒரு வெள்ளைக்காரப் பைலற்றையும் பேசிவிட்டார். ஆனால் கதவைக் கழற்றிவிட்டு ஓரத்தில் இருந்து பூவைக் கொட்ட ஆள் வேண்டுமே. சபையில் இருந்த பதினெட்டுப் பேருக்கும் அன்றைக்குக் கீழே முக்கியமான வேலை இருந்தது.

"மகளின்ர மனுசன் இருக்கிறார்" என்றார் மாமா.

"ஆள் சைவமோ?" என்று ஸ்ரீதரன் கேட்டார்.

"பிரெஞ்சு ஆமி" என்றார் மாமா. அதோடு விசாரணை முடிந்தது. விழா நோட்டீசில், நாதஸ்வரக்காரருக்குக் கீழே, 'மலர் தூவுபவர்: திரு. வி., பிரான்ஸ்' என்று அச்சடித்தார்கள். முழுப்பெயரைப் போடாமல் பார்த்துக்கொண்டது மாமாவின் வேலை.

வின்சன்ற் அண்ணைக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. "வேண்டாம் எண்டு சொல்லுங்கோ அண்ணை" என்றேன். "மாமா முதல்முதலா என்கிட்ட ஒண்ணு கேட்டிருக்காரு" என்றார். கேட்டது அவரிடம் இல்லை, புஸ்பராணியிடம். "அவரிட்டைச் சொல்லு" என்றுதான். நான் அதைத் திருத்தவில்லை.

கூரையில் நின்று, ஐயர் கொடுத்த சிவப்புப் பட்டுத் துணியை ஸ்ரீதரன் வீசிக் காட்டுவார், உடனே கொட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. வின்சன்ற் அண்ணை தயங்கித் தயங்கி, "பச்சைத் துணி கிடைக்குமாங்க?" என்று கேட்டார். "முருகனுக்குச் சிவப்புத்தான் விசேசம்" என்று ஸ்ரீதரன் முடித்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மூவாயிரம் சனம். மாமா பட்டு வேட்டியோடு முன்வரிசையில், பிளாஸ்க்கோடு. ஹெலிகொப்ரர் வந்தது. ஸ்ரீதரன் பட்டுத் துணியை வீசினார். ஒரு இதழ்கூட விழவில்லை. ஹெலிகொப்ரர் தாண்டிப்போய் வளைந்து திரும்பியது. ஸ்ரீதரன் துணியை இரண்டு கையாலும் வீசினார். கதவோரத்தில் வின்சன்ற் அண்ணை பூச்சாக்கைக் கட்டிப்பிடித்தபடி சிலையாக இருப்பது எங்களுக்கு நன்றாகத் தெரிந்தது. சனம் அரோகராவை நிறுத்தி, "கொட்டு! கொட்டு!" என்று கத்தத் தொடங்கியது. மூன்றாவது சுற்றில் ஸ்ரீதரன் கூரையில் துள்ளியே விட்டார். சிவப்பு கூடக்கூட மேலே இருந்த மனுசன் இன்னும் விறைத்துப்போனார்.

கும்ப நீரும் ஊற்றி முடிந்தது. ஹெலிகொப்ரர் கோயிலைக் கடந்து, பின்வேலிக்கு அப்பால் இருந்த கத்தோலிக்கத் தேவாலயத்துக்கு மேலே போனபோது, ஆறு சாக்குப் பூவும் ஒரே மூச்சில் கொட்டியது. பூசை முடிந்து படியிறங்கிக்கொண்டிருந்த போர்த்துக்கேயச் சனம் மேலே பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டது. வயதான பெண்கள் சிலர் முழந்தாளிட்டார்கள். எங்கள் செவ்வந்தியும் ரோசாவும் அவர்கள் தலையில் நின்று நிதானமாக விழுந்தன.

ஸ்ரீதரன் கூரையிலிருந்து இறங்கி வந்த வேகம் சொல்லி முடியாது. மைக் நிறுத்தாமல் இருந்ததால் முழுச் சனமும் கேட்டது.

"வேதக்காரனை ஏத்தினால் வேதக்கோயிலிலைதானே கொட்டுவான்! ஆர் ஐயா அவனைப் பிடிச்சுத் தந்தது?"

மாமா எழும்பினார். எழுபத்துநாலு வயது. மெல்ல நழுவிப் பந்தலுக்குப் பின்னால் போகப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"அவன் இவன் எண்டு கதைக்காதையும்!" என்றார். "அது என்ர மருமகன். உம்மடை பதினெட்டுப் பேரிலை ஒருத்தனுக்கும் ஏறத் துணிவில்லை. என்ர மருமகன் ஏறினவர். கொட்டின இடமும் கோயில்தான். போம் ஐசே!"

ஆறு வருசமாக ஒரு மனுசன் காத்திருந்த சொல், மூவாயிரம் பேருக்குக் கேட்டது. அவருக்கு மட்டும் கேட்கவில்லை. அவர் ஆகாயத்தில் இருந்தார்.

காலையில் அவரை ஒஷாவாவுக்கு ஏற்றிப்போகச் சபையின் வான் வண்டி வந்தது. ஏற்றி வர ஒருவரும் இல்லை. நான்தான் போனேன். ஒரு மர வாங்கில் தனியே குந்தியிருந்தார், முழங்கையில் ஒரு செவ்வந்தி இதழ் ஒட்டியிருந்தது.

"சிவப்பைக் காட்டினாங்க தம்பி. அதுதான் அடையாளம்னு மூளைக்குத் தெரியுது, கை நகரல. கடைசில பைலற்று நேரமாச்சுன்னு, 'கோ!'ன்னு கத்தி முதுகுல தட்டினான். எல்லாத்தையும் கொட்டிட்டேன். நல்லவேளை, பெல்ற் போட்டிருந்தேன்." முழங்கை இதழைப் பிய்த்தெடுத்தபடி, "மாமா தலை குனிஞ்சிருப்பாரு" என்றார்.

நடந்ததைச் சொன்னேன். மாமா சொன்னதை அச்சொட்டாக இரண்டு தரம் சொல்ல வைத்தார்.

"கோவத்துல சொன்னாரா?"

"சரியான கோவம்."

"அப்ப உண்மைதான்" என்றார். விட்பி தாண்டும் வரைக்கும் ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தார். நானும் பார்க்கவில்லை.

பின்னேரம் ஐந்து மணிக்கு மாமா வழமைபோலப் பதினான்காம் மாடிக்கு ஏறினார், பிளாஸ்க்கோடு. நானும் கூடப் போனேன். செற்றியில் இருந்தார். ஒருவரும் கும்பாபிஷேகத்தைப் பற்றிப் பேசவில்லை. மூடியைத் திறந்து பிளாஸ்க்கைச் சரித்தார். ஒன்றும் வரவில்லை, காலையில் கோயிலிலேயே தீர்ந்துபோயிருந்தது. கீழே என் வீட்டுக்குப் போனால் போட்டுக்கொண்டு வரலாம், லிஃப்டும் வேலை செய்தது. மாமா சுவரைப் பார்த்தார், பிளாஸ்க்கைப் பார்த்தார். பிறகு, நடுவில் மகளை வைக்காமல், நேரே அதை நீட்டினார்.

"உதுக்குள்ளை கொஞ்சம் தேத்தண்ணி விடும்."

வின்சன்ற் அண்ணை பிளாஸ்க்கை வாங்கிக்கொண்டு எழுந்தார். எழுந்தவர் அப்படியே நின்றார். ஒரு அடி நகரவில்லை. புஸ்பராணி வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

நான் எழும்பிப் போய் அவர் முதுகில் ஒன்று போட்டு, "கோ!" என்றேன். மனுசன் குசினிக்குள் பாய்ந்தார்.

"சீனி கூடிப்போச்சு" என்றார் மாமா, முதல் மிடறிலேயே. பிளாஸ்க் காலியாகும் வரைக்கும் அதையே சொல்லிச் சொல்லிக் குடித்தார்.