நத்தைக்குப் பெயர் வைக்காத சிஞ்ஞோரா

சிஞ்ஞோராவின் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது நத்தைகள்தான். ஈரத்துணியால் வாய் கட்டிய ஜாம் போத்தல்களுக்குள், பாலுக்கும் என் மத்தியானச் சோற்றுப் பெட்டிக்கும் நடுவில், அவை நித்திரை கொள்ளும். வெள்ளிக்கிழமைகளில் மச்சம் மாமிசம் தொடாத நான், சோற்றுப் பெட்டியை வெளியே எடுத்ததும் இரண்டு தரம் கழுவுவேன். எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தேன். "அதுகள் போத்தலுக்குள்ளைதானே கிடக்குது, உம்மடை சோத்தையே சாப்பிடுது?" என்பார். சிஞ்ஞோரா என்றால் இத்தாலியனில் அம்மா என்பதுபோல. அவர் பேசியதும் இத்தாலியன்தான்; எனக்கு அது இப்படித்தான் நினைவில் நிற்கிறது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், இத்தாலியின் பலெர்மோவுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாத நாளில், கால்சா என்ற பழைய பகுதியில் அவர் வீட்டைத் துப்புரவாக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. மூன்றாம் மாடி. கீழ்வீட்டுக்காரர்கள் கோடை வந்தால் நத்தையை உள்ளியும் எண்ணெயும் போட்டு வதக்கி உறிஞ்சித் தின்பார்கள். மேலே இவர் அதே பிராணியைப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்து நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் படியேறும்போது, எங்கே வந்து மாட்டிக்கொண்டேன் என்று தலையில் அடித்துக்கொள்வேன்.

பல்கலைக்கழகத்தின் சேகரிப்பு அறையில் முப்பது வருடத்துக்கு மேல் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். முழங்கால் இரண்டும் போய்விட்டதால் படியிறங்குவதே இல்லை. பேராசிரியர்கள் கொண்டுவந்த நத்தைகளைக் கழுவி, அறுத்துப் பார்த்து, படம் கீறிக் கொடுப்பது அவர் வேலை. புதிய இனம் என்று கண்டால் பெயர் வைத்து அச்சில் போட்டுக்கொள்வது பேராசிரியர்களின் வேலை. தான் பெயர் வைத்தது ஒன்றே ஒன்று இருந்தால் போதும் என்று ஒருநாள் கோப்பி குடிக்கும்போது சொன்னார். சொல்லிவிட்டு, வெட்கப்பட்டவர்போல, கோப்பையைத் தானே கொண்டுபோய்க் கழுவினார்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதம் நான் ஒரு பெரிய பிழை செய்தேன். அலுமாரியில் சாராய மணம் அடிக்கும் சின்னப் போத்தல்கள் வரிசையாக இருந்தன. உள்ளே நத்தையோடு ஊறிப்போன கடதாசித் துண்டு ஒன்றும் மிதந்தது. அழுக்கு என்று நினைத்து, ஏழு போத்தலில் கிடந்த கடதாசிகளை எடுத்துக் குப்பையில் போட்டு, நத்தைகளை நன்றாகக் கழுவி, புதுச் சாராயம் ஊற்றி, பளபளவென்று துடைத்து அடுக்கினேன். பாராட்டுவார் என்றுதான் காத்திருந்தேன். அவர் வந்து பார்த்தார், கதிரையில் இருந்துவிட்டார். பிறகுதான் விளங்கியது. எந்த இடத்தில், எந்த நாளில், யார் கண்டெடுத்தது என்று எழுதிய துண்டுகளாம் அவை. கரையாத மையால் எழுதி உள்ளேயே போடுவார்களாம். அது இல்லாத நத்தை வெறும் குப்பையாம்.

"எந்தக் கடதாசி எந்தப் போத்தலிலை கிடந்தது எண்டு எனக்கு வடிவாத் தெரியும், சிஞ்ஞோரா. குப்பையிலை இருந்து எடுத்துத் திருப்பிப் போடலாம்" என்றேன்.

"தெரியும் எண்டு நினைக்கிறீர். அது காணாது."

அந்த ஏழு நத்தையையும் எறிந்தார். என்னை ஏசவில்லை, வேலையை விட்டு நிறுத்தவும் இல்லை. ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு நானும் அந்த வேலைக்குள் இழுபட்டுப் போனேன். காய்ந்த வண்டல் மண்ணைச் சிஞ்ஞோரா ஊசியால் ஒவ்வொரு மணியாகத் தள்ளிச் சின்ன நத்தை ஓடு தேடுவதைப் பார்க்கப் பொறுக்காமல், ஒருநாள் ஒரு தட்டத்தில் கொட்டி, சுளகில் அரிசி கொழிப்பதுபோலக் கொழித்துக் காட்டினேன். மண் ஒரு பக்கம், பாரமில்லாத ஓடுகள் ஒரு பக்கம். முப்பது வருடம் வீணாய்ப் போயிற்று என்று அவர் சிரித்தார். எள்ளளவு நத்தையில்கூடச் சுருள் எப்படி, வாய் எப்படி என்று பார்க்க என் கண்ணும் பழகிவிட்டது.

மாசி மாதத்தில், காலை வேலை இல்லாத நாட்களில், பிந்திப் பழுக்கும் மந்தரின் தோடம்பழம் பிடுங்க, நகருக்கு வெளியே சியாகுல்லித் தோட்டங்களுக்குப் போவேன். அங்கே ஊற்றுத் தண்ணீர் வந்து விழும் பழைய கல்தொட்டி ஒன்றில் கை கழுவும்போது, கல்லின் அடியில் சீரகத்திலும் சிறிதாக ஏதோ ஒட்டியிருக்கக் கண்டேன். சிஞ்ஞோராவின் போத்தல்களில் அப்படி ஒன்றை நான் கண்டதில்லை. தயிர்க் கோப்பையில் கல்லோடு போட்டுக் கொண்டுவந்தேன். அவர் அறுத்தார், படம் கீறினார், பல ஊர்களுக்குக் கடிதம் போட்டு ஒப்பிட்டுப் பார்க்க நத்தை வருவித்தார். எட்டு மாதம் கழித்து, "இதுக்கு இன்னும் ஒருத்தரும் பெயர் வைக்கேல்லை" என்றார். 

உடனே எழுதி அனுப்பியிருக்க வேண்டியதுதானே? அங்கேதான் வந்தது வினை. கண்டெடுத்தவரின் பெயரும் இடமும் நாளும் அச்சில் வர வேண்டுமாம். எனக்கோ அப்போது பெர்மெஸ்ஸோ இல்லை; அதாவது நான் அந்த நாட்டில் இருப்பதற்கே அனுமதி இல்லை. விசா இல்லாத ஒருத்தி இன்ன நாள் இன்ன தோட்டத்தில் நின்றாள் என்று அச்சடித்துக் கொடுத்தால், எனக்கும் ஆபத்து, வேலை தந்தவனுக்கும் ஆபத்து. என் பெயர் வேண்டவே வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

"அப்ப எழுதேலாது" என்றார்.

"உங்கடை பெயரைப் போடுங்கோவன்."

"நான் அங்கை போகேல்லையே."

"ஆர் கேக்கப்போகினம், சிஞ்ஞோரா? நத்தையே வந்து சாட்சி சொல்லப்போகுது?"

"ஒருத்தரும் கேக்கமாட்டினம். ஆனாலும் நான் அங்கை போகேல்லை."

அப்படியென்றால் பெயரை விட்டுவிட்டு எழுதுங்கள் என்றேன். கண்டெடுத்தவரின் பெயரை விட்டு எழுதியவர்களை முப்பது வருடம் திட்டியவள் நான் என்றார். உமக்குப் பெர்மெஸ்ஸோ கிடைக்கட்டும், பிறகு பார்ப்போம் என்று ஒற்றைக் காலில் நின்றார். யார் முதலில் அச்சில் போடுகிறாரோ அவர் வைத்த பெயர்தான் நிற்கும் என்பது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே மேசை லாச்சிக்குள் எல்லாவற்றையும் வைத்துப் பூட்டினார். போகும்போதும் வரும்போதும் அந்த லாச்சியைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் நிம்மதியாக வேறு நத்தை அறுத்துக்கொண்டிருப்பார்.

இரண்டு வருடத்துக்குப் பிறகு, விசா இல்லாதவர்கள் பதியலாம் என்று அரசாங்கம் அறிவித்தது. கொன்றாத்தோ என்ற வேலை ஒப்பந்தத் தாள் எல்லாம் சிஞ்ஞோராவே கையெழுத்திட்டுத் தந்தார். குவெஸ்தூரா என்ற பொலிஸ் அலுவலகத்தின் வரிசையில் எத்தனையோ விடியற்காலை நின்று, கடைசியில் பெர்மெஸ்ஸோவை வாங்கிக்கொண்டு நேரே அவர் வீட்டுக்குத்தான் ஓடினேன். அன்று மத்தியானமே அவர் லாச்சியைத் திறந்து தட்டச்சு அடிக்கத் தொடங்கினார். ஒற்றை விரலால்தான் அடிப்பார். நான் பக்கத்தில் நின்று, கெதியா அடியுங்கோ, கெதியா அடியுங்கோ என்று அரித்தேன்.

மூன்றாம் கிழமை தபாலில் ஒரு மெல்லிய புத்தகம் வந்தது. விடுமுறைக்கு வந்த ஒரு வெளிநாட்டுக்காரர், அதே ஊற்றுவரிசையில் வேறொரு தொட்டியில் அதே நத்தையை எடுத்து, எழுதி, தன் மனைவியின் பெயரை வைத்திருந்தார். சிஞ்ஞோரா ஆர்வமாக இருப்பார் என்று மரியாதையாக ஒரு பிரதியும் அனுப்பியிருந்தார். சிஞ்ஞோரா அதைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை வாசித்தார். "படம் வடிவாக் கீறியிருக்கிறார்" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்த மனிதர் மீதல்ல, இவர் மீது. இரண்டு வருடம், சிஞ்ஞோரா, ஒரு சின்னப் பொய்க்குப் பயந்து இரண்டு வருடம் என்று, வேலைக்காரி என்பதையும் மறந்து கத்தினேன்.

அவர் ஒரு துண்டுக் கடதாசியை வெட்டி எடுத்தார். முதலில் அந்த மனிதர் வைத்த பெயரை எழுதினார். அடியில் சியாகுல்லி, கல்தொட்டி என்றும், நான் அதை எடுத்த மாசி மாதத்து நாளையும் எழுதினார். பிறகு என் பெர்மெஸ்ஸோவை வாங்கி, எழுத்து எழுத்தாகப் பார்த்து, கண்டெடுத்தவர் என்ற இடத்தில் என் முழுப்பெயரை எழுதினார். எங்கள் பெயர் நீளமல்லவா, இரண்டு வரி பிடித்தது.

"இனி இதாலை என்ன பிரயோசனம்?" என்றேன்.

"இனி உம்மடை பெயரை எழுதலாம் தானே" என்று சொல்லி, மை காய ஊதினார்.

அவர் இறந்து பல வருடமாகிறது. எனக்கு இன்று இத்தாலியக் கடவுச்சீட்டே இருக்கிறது. என் பெயரை எங்கே எழுதவும் பயமில்லை. எந்த அலுவலகத்தில் படிவம் நிரப்பினாலும் அந்த லாச்சி நினைவுக்கு வருகிறது. வந்ததும் எனக்கு இன்னமும் கோபம்தான் வருகிறது. ஒரு பொய் சொல்லியிருக்கலாமே, சிஞ்ஞோரா.