கெத்தரின் அக்காவின் சந்தேகம்

கெத்தரின் அக்காவுக்குத் தேங்காய்க்காரர் முதல் வானிலை அறிக்கை வரை எல்லாவற்றின் மீதும் சந்தேகம். மாத்தளை டவுனில், ஒரு கடைக்கு மேலே எட்டுப் பேர் வேலை செய்கிறோம். தென்துருவக் கடலடியில் எடுத்த படங்களைக் கணினியில் பார்த்து, எந்த இடத்தில் என்ன வகைப் புழு இருக்கிறது என்று குறிக்க வேண்டும். செதிள் போர்த்தியது, விசிறி விரித்தது, குழாய்க்குள் ஒளிந்தது என்று, அந்தக் குளிரில் இத்தனை வகையா என நான் வாயைப் பிளப்பேன். அக்கா நம்பமாட்டார்.

“இது ரெண்டு வகை இல்ல, நிரஞ்சனி. அட்டையப் பாத்ததில்லையா நீ? நீட்டுனா நூலு, சுருண்டா பயறு. ரெண்டும் ஒரே சனியன்தான்.”

பதினாறு வருஷம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து, இடுப்பு விட்டுப்போய் இந்த நாற்காலிக்கு வந்தவர் அக்கா. இதுவும் போனால் வேறு வேலை கிடையாது. நாங்கள் ஐந்து வகை குறிக்கும் படத்தில் அவர் மூன்றுதான் குறிப்பார். படத்தைப் பார்க்காமலே தள்ளிவிடுகிறார் என்று மேற்பார்வையாளர் பவாஸ் நினைத்தார்.

“ஒரே படத்துக்கு ரெண்டு எடத்துப் பேர் போட்டு அவங்களுக்கு அனுப்புங்க. கண்டுபிடிக்காட்டி நிப்பாட்டிருவோம்” என்று என்னிடம் சொன்னார்.

அனுப்பினேன். எனக்கும் வேலை வேண்டுமே.

மறுநாள் காலை அக்கா திரையைத் தட்டிக் காட்டினார். “இந்த விசிறிப் புழுவுக்கு ஒரு பக்கம் மூணு இழை அறுந்திருக்கு. அறுநூறு மைலுக்கு அங்கிட்டு உள்ள படத்துலயும் அதே மூணு. பக்கத்துல அதே கல்லு! யாரோ கள்ள வேலை பாக்குறாங்க. இப்பிடியே விட்டா, இல்லாத எடத்துல புழு இருக்குனு எழுதிருவாங்க.”

பவாஸ் சிரித்தார். “அது சும்மா டெஸ்ட், அக்கா. பாஸாயிட்டீங்க. நிரஞ்சனிதான் போட்டாங்க.”

எல்லோரும் கைதட்டினார்கள். அக்காவின் முகம் சிவந்துவிட்டது.

“கொழுந்து நிறுக்கிற எடத்துல கங்காணி என் கூடைக்குள்ள கைய விட்டுத் துழாவுவான், அடியில கல்லு இருக்கானு. ஒரு நாளும் இருந்ததில்ல” என்றார். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை.

மதியம் வழக்கம்போல இரண்டு ரொட்டி கொண்டுவந்திருந்தார். ஒன்று எப்போதும் எனக்கு. வெட்கத்தில் நான் தலை நிமிரவே இல்லை. அக்கா என் ரொட்டியை நான்காகப் பிய்த்து, உள்பக்கம் தெரிய டப்பா மூடியில் பரப்பி என் முன்னால் வைத்தார்.

“பாத்துக்க. கல்லு இல்ல.”