பொட்டு வைத்த டப்பா

ஆயுதபூஜை விடுமுறை முடிந்த காலை. ஓசூரில் அந்த உதிரிபாகத் தொழிற்சாலையின் இயந்திரங்களெல்லாம் மாலையும் சந்தனமுமாக அழகாக நின்றன. ஒன்றுகூட ஓடவில்லை.

திட்டு முழுக்க மணிமேகலைக்கு. தளியிலிருந்து பஸ் பிடித்து வரும் அவள்தான் அங்கே நெட்வொர்க் பார்ப்பவள். ஒப்பந்த வேலை, அந்த மாதம் நிரந்தரமாக வேண்டியது. விடுமுறைக்கு முன் சர்வரில் கைவைத்தவளும் அவளே. மேலாளர் ராஜ்குமார் அதையே பிடித்துக்கொண்டார். மதியத்துக்குள் உற்பத்தி லைன் ஓடாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். கோபம் வந்தால் மனிதருக்குக் கண்மண் தெரியாது.

இயந்திரங்களை இயக்கும் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் கண் விழித்ததும் தனக்கொரு முகவரி கேட்கும், சர்வர் கொடுக்கும். அது கிடைத்தால்தான் மற்றவற்றோடு பேச முடியும். மணிமேகலை லேப்டாப்பைச் செருகி அந்தக் கேள்வி பதிலைக் கவனித்தாள். ஒரு கேள்விக்கு இரண்டு பதில் வந்தது. திரும்பத் திரும்பச் சோதித்துப் பார்த்தாள். சர்வர் சரியாகத்தான் சொன்னது. ஆனால் வேறெதுவோ ஒவ்வொரு முறையும் முந்திக்கொண்டு தவறான முகவரியைக் கொடுத்தது. அது எங்கே இருக்கிறதென்று சொல்ல கம்ப்யூட்டர்களை ஒயரால் இணைக்கும் அங்கிருந்த பழைய நெட்வொர்க் ஸ்விட்சுகளுக்குத் தெரியாது. கண்ணில் காட்டாமல் ராஜ்குமாரும் நம்பமாட்டார்.

பிரிவு பிரிவாகப் போய், பூஜைக்கு யார் எதைத் தொட்டீர்கள் என்று கேட்டாள். நான் இல்லை என்று ஆளாளுக்குக் கையை விரித்தார்கள். வேலை போய்விடும் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. கடைசியில் துப்புரவு வேலை செய்யும் பவளம்தான் கையைத் துடைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

"பயிற்சி ரூம்ல இருக்கற வைஃபை டப்பாவ நாந்தாம்மா தொடச்சேன். ஒயரெல்லாம் கழட்டி வெச்சிட்டுப் பொட்டு வெச்சேன். அப்பறம் காலியா இருந்த ஓட்டையில சொருகிட்டேன்."

டப்பா குங்குமப் பொட்டோடு பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து இணைப்பை வாங்கிக்கொள்ள வேண்டிய ஓட்டையை விட்டுப் பக்கத்து ஓட்டையில் ஒயர் இருந்ததால், ஊருக்கெல்லாம் தானே முகவரி வழங்கிக்கொண்டிருந்தது. மணிமேகலை ஒயரை மாற்றிச் செருகி, எல்லாக் கம்ப்யூட்டர்களையும் அணைத்து மறுபடி போடச் சொன்னாள். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே லைன் ஓடியது.

யார் செய்த வேலை என்று ராஜ்குமார் கேட்டார்.

"எந்த ஓட்டைன்னு நான் எழுதி ஒட்டியிருக்கணும் சார். தப்பு என்னுது."

அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார். ஆனால் நிரந்தர உத்தரவு அந்த மாதமே வந்தது. அது கைக்கு வந்த அன்று மணிமேகலை பவளத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க சொல்லலேன்னா எனக்கு இன்னிக்கு வேலையே இல்லக்கா." நன்றி என்ற சொல் அவளுக்குப் போதவில்லை.

இப்போதும் பூஜைக்கு அந்த டப்பாவைப் பவளம்தான் துடைக்கிறாள். வேறு யாரையும் மணிமேகலை தொடவிடுவதில்லை.