கல்லாறு வரைக்கும்

நேற்றுக் காலை அடுப்பில் பால் காய்ந்துகொண்டிருந்தபோது போனில் ஒரு செய்தி வந்தது. அனுப்பியவள் வித்யா, என் அத்தை பெண். பெங்களூரில் இருக்கிறாள், இரண்டு குழந்தைகள். "அக்கா, லீவுல திருவனந்தபுரம் வரலாம்னு இருக்கோம். மூணு நாள்தான். பட்ஜெட் ரொம்ப டைட். எங்க தங்கினா சீப்? கோயில், மியூசியம், ஜூ, கோவளம், பொன்முடி எல்லாம் பார்க்கணும். பொன்முடி நான் நாலு வயசுலயே பார்த்திருக்கேனாம், அம்மா சொன்னா. எனக்குத்தான் ஞாபகமே இல்லை. உங்காத்துல இருந்துண்டு பைசா செலவில்லாம ஊரையே பார்த்தோம்னு அப்பா இப்பவும் பெருமையா சொல்லிண்டிருக்கார்." கடைசியில் சிரிக்கிற பொம்மைகள் மூன்று.

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. துடைக்கத் துணியை எடுத்தவள் அதைக் கையில் வைத்துக்கொண்டே நின்றுவிட்டேன். பைசா செலவில்லாமல். அந்த ஒரு வார்த்தைக்கு எனக்கு வந்த கோபத்தை என்ன சொல்ல. ஐம்பதை நெருங்குகிறேன், ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன், இருந்தும் பதினாலு வயதுப் பெண் மாதிரி உதடு துடித்தது. கருகிய பால் வாசனையோடு கூடவே புளிக்காய்ச்சல் வாசனையும் வந்த மாதிரி இருந்தது. அது பிரமை. என் சமையலறையில் புளிக்காய்ச்சல் கிளறி எத்தனையோ வருஷமாகிறது. ஏன் என்று கேட்டால் என் வீட்டுக்காரரிடம் அசிடிட்டி என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

எங்கள் வீடு வலியசாலையில் இருந்தது. கோயிலுக்குப் போகிற தெருவில், ஒரு சுவரை இரண்டு குடும்பம் பங்கு போட்டுக்கொள்கிற நீள வீடு. கோட்டைக்கும் தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்கும் நடந்தே போய்விடலாம். எங்கள் கஷ்டமெல்லாம் அந்த வசதியால் வந்ததுதான். அப்பா வழிச் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் கோடை விடுமுறை என்றால் திருவனந்தபுரம், திருவனந்தபுரம் என்றால் எங்கள் வீடு. தொண்ணூறுகளில் ஒரு மே மாதம்கூட எங்கள் கூடத்தில் பாய் சுருட்டப்பட்டதாக எனக்கு நினைவில்லை. விருந்தாளிகள் அப்பாவுக்கு, வேலை அம்மாவுக்கு. அப்பா அரசாங்க ஆபீசில் கிளார்க். "எல்லாரும் வந்திருக்கா, நன்னா பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

வருகிறவர்களுக்கெல்லாம் ராஜா எங்கள் அத்திம்பேர், அத்தையின் கணவர், வித்யாவின் அப்பா. மெட்ராஸில் நல்ல உத்தியோகம். ஆனால் ஊர் பார்க்க வந்தால் கையை இறுக்கி மூடிக்கொள்வார். அவர் சுற்றிக் காட்டுகிற அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பத்மநாபசுவாமி கோயிலுக்குள் ஆண்கள் வேட்டியில்தான் போகவேண்டும், வாசலில் வாடகைக்குக் கிடைக்கும். அத்திம்பேர் அப்பாவின் பெட்டியிலிருந்தே ஆளுக்கொன்றாக எடுத்துக் கட்டிவிடுவார். மாலையில் அத்தனையையும் அம்மா துவைப்பாள். மியூசியத்தில் டிக்கெட் எடுக்காமல் வெளியே நின்று கட்டிடத்தைக் காட்டி, "உள்ளே இருக்கறதைவிட வெளியிலதான் வேலைப்பாடு ஜாஸ்தி" என்பார். கோவளத்தில் இளநீர்க்காரன் கூப்பிட்டால் எங்கள் வீட்டில் காய்ச்சி பாட்டிலில் நிரப்பிய சீரக வெள்ளம் வெளியே வரும். அவருக்கு மிகவும் பிடித்த இடம் கோயில் குளத்தெதிரே இருக்கிற மேத்தன் மணி என்கிற பழைய கடிகாரம். மணிக்கொரு தரம் தாடிக்கார பொம்மை வாயைத் திறக்கும், இரண்டு ஆட்டுக்கடா வந்து கன்னத்தில் முட்டும். காசு கிடையாது. பதினைந்து நிமிஷம் முன்பாகவே எங்களை வெயிலில் நிறுத்தி, முட்டி முடிந்ததும், "பார்த்தேளா, இது மெட்ராஸ்ல உண்டா?" என்று தான் செய்து வைத்தது போலக் கேட்பார். சும்மா சொல்லக்கூடாது, எனக்கும் அது பிடிக்கும்.

அத்தைக்கு அது பிறந்த வீடு. வருவதற்கு அவளுக்கு எல்லா உரிமையும் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு நாள் ஊர்சுற்றலுக்கும் விடியுமுன் குளித்து, ஈரத்தலையோடு புளியோதரையும் தயிர்சாதமும் கிளறி, இலையை வாட்டிப் பொட்டலம் கட்டுவது அம்மா. எல்லோரும் திரும்பி வந்து, "கால் விட்டுப் போச்சு மன்னி" என்று சாயும்போது சுடச்சுட ரசத்தோடு நிற்பதும் அம்மா. கல்யாணமாகி அந்த ஊருக்கு வந்து பதினாறு வருஷம் ஆகியும் அவள் பார்த்தது பத்மநாபசுவாமியையும் சாலைக் கடைத்தெருவையும்தான். மிருகக்காட்சி சாலைப் புலி ராத்திரி உறுமினால் தெருவுக்கே கேட்கும் என்று யாரோ சொல்ல, அதையே புலியைப் பார்த்த கணக்கில் வைத்திருந்தாள்.

அவள் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று. எங்கள் வீட்டுப் பின்கட்டுக்கு மேல் துணி உலர்த்த ஒரு சின்ன மொட்டை மாடி உண்டு. மழை விட்ட காலைகளில் அங்கிருந்து கிழக்கே தென்னைகளுக்கு மேல் நீலமாக ஒரு கோடு தெரியும். அப்பா ஒருநாள் பல் துலக்கிக்கொண்டே, "அதாக்கும் பொன்முடி" என்று சொல்லிவிட்டார். அது பொன்முடிதானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அம்மா நம்பினாள். துணி பிழிந்து போடும்போதெல்லாம் அந்தப் பக்கம் பார்ப்பாள். "ஏண்டி, அங்கே நின்னு பார்த்தா நம்ம மாடி தெரியுமோ?" என்று என்னைக் கேட்பாள். எனக்கு எப்படித் தெரியும்.

நான் ஒன்பதாவது முடித்த மே மாதம், அத்திம்பேர் பொன்முடிக்குத் திட்டம் போட்டார். அரசு பஸ்ஸில் போய் அதிலேயே திரும்புவது, சாப்பாடு வீட்டிலிருந்து. அப்போது அம்மா, இலை கழுவிக்கொண்டிருந்தவள், திரும்பாமலே சொன்னாள்: "நானும் வரேன்."

அத்தைதான், "பின்னே சாயந்திரம் தளிகை?" என்று இழுத்தாள். "அதும் பண்ணி வெச்சுட்டு வரேன், கேட்டியோ" என்றாள் அம்மா. சொன்ன மாதிரியே செய்தாள். நான் எழுந்தபோது பொட்டலங்கள் பையில் தயார், ராத்திரிக்குக் குழம்பு தனியாக மூடி வைத்திருந்தது. பெட்டியில் வெகுநாள் மடிப்புக் கலையாமல் கிடந்த கத்தரிப்பூ நிறச் சுங்குடியைக் கட்டிக்கொண்டு கூடத்துக் கண்ணாடி முன்னால் நின்றிருந்தாள். தலையில் கொஞ்சம் பிச்சிப்பூ. என் அம்மா அழகி என்று எனக்குத் தோன்றிய முதல் நாள் அது.

தம்பானூரில் எனக்கு ஜன்னலோரம் கிடைத்தது, பக்கத்தில் அம்மா. விதுரை வரை எல்லாம் நன்றாக இருந்தது. அதற்கப்புறம் பாதை வளைய ஆரம்பித்ததும் வித்யா வாந்தி எடுத்தாள். நாலு வயதுக் குழந்தை, அதன் தப்பில்லை. அத்தை மடியிலிருந்து அம்மா மடிக்கு எப்போது மாறினாள் என்று யாரும் கவனிக்கவில்லை. கல்லாற்றில் பஸ் டீக்கு நின்றது. ஆறு, பாலம், இரண்டு மூன்று கடைகள். அதற்கு மேல்தான் கொண்டை ஊசி வளைவுகள்.

"இந்த வளைவெல்லாம் இவ தாங்கமாட்டா," என்றார் அத்திம்பேர். "ஒருத்தர் இவளை வெச்சுண்டு இங்கேயே இருந்தாப் போறும். இதே பஸ்தான் திரும்பி வரும்."

பெற்றவள் இருக்கிறாள், பெற்றவன் இருக்கிறான். இரண்டு பேரும் ஏற்கெனவே பொன்முடி பார்த்தவர்கள். அத்தை அம்மாவின் தோளைத் தொட்டு, "மன்னி, அவ உங்ககிட்டதான் சமத்தா இருப்பா" என்றாள். பாராட்டு மாதிரி சொன்னாள். இன்றைக்கும் யாராவது என்னை அப்படிப் பாராட்டினால் எனக்கு முதுகு சிலிர்க்கிறது.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நான் இருக்கேம்மா, நீ போ" என்று நான் சொல்லியிருக்கலாம். நான்கே வார்த்தை. பதினாலு வயது, குழந்தையைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதவளும் இல்லை. ஆனால் மேலே மேகம் நம் காலடியில் போகும் என்று பள்ளிக்கூடத்தில் ஒருத்தி சொல்லியிருந்தாள். நான் ஜன்னலுக்கு வெளியே ஆற்றைப் பார்த்தேன். அத்தை மேல் எனக்குள்ள கோபத்தில் பாதிக்கு நான்தான் சொந்தக்காரி.

அம்மா இறங்கினாள். "வேகம், வேகம்" என்றார் கண்டக்டர். மணி அடித்தபோது அம்மா ஜன்னலருகே வந்து, "மேலேருந்து நம்ம ஊர் தெரியறதான்னு பார்த்துண்டு வந்து சொல்லு" என்றாள். முகத்தில் வருத்தம் எதுவும் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

மேலே ஒன்றும் தெரியவில்லை. நிஜமாகவே ஒன்றும் தெரியவில்லை. நீட்டின கை தெரியாத மூடுபனி. அத்திம்பேர் பஸ்காரன் முதல் மலை வரை எல்லோரையும் திட்டினார். ஒரு பாறையில் உட்கார்ந்து பையைப் பிரித்தபோதுதான் அம்மாவின் பொட்டலமும் உள்ளே இருப்பது தெரிந்தது. சாப்பாட்டுப் பை முழுவதும் எங்களோடு வந்துவிட்டது. அவளிடம் பர்ஸும் கிடையாது. டிக்கெட் வாங்குகிறவர் அத்திம்பேர்தானே, அவளுக்கு எதற்குப் பர்ஸ்?

"அடடா, மன்னிகிட்ட கொடுத்துட்டு வந்திருக்கலாம்," என்றாள் அத்தை. பிறகு அந்தப் பொட்டலத்தை அத்திம்பேர் பக்கம் நகர்த்தினாள். "நீங்க சாப்பிடுங்கோ. திரும்பறதுக்குள்ளே ஊசிப் போயிடும்."

அவர் சாப்பிட்டார். விரலை நக்கிக்கொண்டு, "மன்னி கை மணமே மணம்" என்றார். நான் என் பங்கைச் சாப்பிட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். தொண்டையில் அடைத்தது என்றெல்லாம் எழுதினால் பொய். பசித்தது, சாப்பிட்டேன். அடைத்துக்கொண்டது பிற்பாடுதான், பல வருஷம் கழித்து.

சாயந்திரம் கல்லாற்றில் பஸ் நின்றபோது அம்மா கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். தோளில் வித்யா தூக்கம். சுங்குடியின் கீழ் ஓரம் முழங்கால்வரை நனைந்திருந்தது. ஏறி உட்கார்ந்ததும் முதல் கேள்வி: "தெரிஞ்சுதா?"

"ஒண்ணுமே தெரியலைம்மா. ஒரே மூடுபனி."

"சாரமில்லை, போனாப் போறது," என்று என் கன்னத்தைத் தட்டினாள். தனக்காக நான் பொய் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள். அதன் பிறகு எத்தனையோ முறை சத்தியம் செய்து பார்த்தேன், கடைசிவரை நம்பவில்லை.

அன்று அவள் என்ன செய்தாள் என்பது வருஷக்கணக்கில் துண்டு துண்டாகத்தான் தெரிய வந்தது. ஆற்றில் கால் விட்டுக்கொண்டு உட்கார்ந்தாளாம். வித்யாவுக்கு மீன் காட்டினாளாம். டீக்கடைக்காரி தேயிலை எஸ்டேட் தொழிலாளர் லயத்திலிருந்து வந்த தமிழ்ப் பெண். மத்தியானம் ஆகியும் இவள் ஒன்றும் வாங்காததைப் பார்த்து, "அக்கா, காசு கெடக்கட்டும், பிள்ளைக்கு ரெண்டு பிஸ்கட் குடுங்க. நீங்களும் ஒரு கட்டன் டீ குடிங்க" என்று கிளாஸைக் கையில் வைத்தாளாம். வெளியில் பச்சைத் தண்ணீர் குடிக்காதவள் என் அம்மா. "குடிச்சேண்டி," என்றாள் என்னிடம், ஏதோ திருட்டுத்தனம் செய்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. "நன்னாத்தான் இருந்தது." மூன்று வேளை இவள் கையால் சாப்பிட்ட கூட்டம் பட்டினி போட்ட நாளில், பெயர் தெரியாத ஒருத்திக்கு இவள் பசி தெரிந்திருக்கிறது.

அடுத்த வருஷம் போகலாம் என்றார் அப்பா. அடுத்த வருஷம் அவருக்கே உடம்பு முடியவில்லை. அப்புறம் என் கல்யாணம், அப்புறம் அம்மாவின் முழங்கால். நானாவது கூட்டிப் போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். ஒரு தடவை காரே ஏற்பாடு செய்தேன். "இனிமே என்னத்துக்கு, வளைவு வளைவா இருக்குமாம், தலை சுத்தும்" என்று மறுத்துவிட்டாள். மொட்டை மாடிக்கு மட்டும் கையூன்றிக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தாள். பிறகு அதையும் நிறுத்தினாள். பிறகு போய்விட்டாள். வீட்டை விற்றோம். வாங்கியவர்கள் இடித்துக் கட்டினார்கள். போன மாதம் அந்த வழியாகப் போனபோது நின்று பார்த்தேன். தெருவுக்குக் கிழக்கே வரிசையாக அடுக்குமாடிகள். பழைய மாடியே இருந்திருந்தாலும் அந்த நீலக் கோடு தெரிந்திருக்காது.

மத்தியானத்துக்கு மேல் வித்யாவுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். மூன்று தடவை எழுதி அழித்தேன். அத்திம்பேருக்கு எண்பதாகிவிட்டது, அவரிடம் இனிமேல் என்ன கேட்க. குழந்தையாக இருந்தவளிடம் கோபித்துக்கொள்ளவும் நியாயமில்லை. கடைசியில் இப்படி அனுப்பினேன்: "சீப்பா தங்க எனக்கு இடம் தெரியாது. நீ பொன்முடி பார்த்ததில்லை. உனக்கு முடியலைன்னு கல்லாத்துலயே எங்கம்மா உன்னை வெச்சுண்டு இருந்தா. காலைலேருந்து சாயந்திரம்வரை, சாப்பிடாம. உனக்கு ஆத்துல மீன் காட்டினா. ஞாபகம் இருக்கா?"

நீலக் குறி இரண்டும் உடனே விழுந்தன. பதில் வர ஒரு மணி நேரமாயிற்று. பொம்மை எதுவும் இல்லை.

"இல்லை அக்கா. அப்போ மாமி பொன்முடி மேலே போனது எப்போ?"

போகவே இல்லை என்று எழுதினேன். கல்லாற்றில் அன்றைக்கு இருந்தது இரண்டு பேர். ஒருத்திக்கு ஞாபகமில்லை. இன்னொருத்தி, அங்கிருந்து நம் மாடி தெரியுமா என்று கேட்டவள், பதில் தெரியாமலே போய்விட்டாள். இனி நான் ஏறிப் போய்ப் பார்த்தாலும், பார்ப்பதற்கு அங்கே மாடி இல்லை.