கமாலுதீனுக்குப் பிடிக்காத புத்தகம்

நெய்வேலி இருபத்தொன்றாவது பிளாக்கில் கமாலுதீன் வீடு எது என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். காமிக்ஸ் பாய் வீடு என்று கேட்டால் குவார்ட்டர்ஸ் வாசல் வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பிரிவில் பெர்மனென்ட் வேலை, காலேஜ் படிக்கும் மகள், காலையில் ஒரு பிரஷர் மாத்திரை என்று சகலமும் உள்ள மனிதர். ஆனால் மாதத்தில் ஒரு நாள், கூரியர்காரரின் வண்டிச் சத்தம் கேட்டால் சட்டை போடக்கூட நேரமில்லாமல் வாசலுக்கு ஓடுவார்.

படித்தோமா, அலமாரியில் வைத்தோமா என்று இருந்தால் யாருக்கும் தொந்தரவில்லை. கமாலுதீன் அபிப்பிராயம் சொல்லுவார். ஞாயிற்றுக்கிழமை காலை மனைவி முனவரா பின்பக்கம் மீன் கழுவிக்கொண்டிருக்கும்போது படியில் உட்கார்ந்து, காமிக்ஸ் வாசகர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு வாய்ஸ் நோட் போடுவார். மீனும் கணவரின் பேச்சும் ஒரே நேரத்தில் செதில் செதிலாகப் பறக்கும். அவர் போடுவதைக் கேட்கவென்றே காத்திருக்கிறவர்கள் பல ஊர்களில் இருந்தார்கள். திட்டு வாங்கும் பதிப்பாளரும் ரகசியமாகக் கேட்கிறார் என்று ஒரு பேச்சு.

மாதாமாதம் கூரியரில் வரும் சாரணன் காமிக்ஸ் கெட்டி அட்டைக்கு மாறியபோது கமாலுதீன் கொதித்தார். "இத மடிச்சி சாப்பாட்டுப் பையில வைக்க முடியுமா? ஷிப்ட் பஸ்ஸுல ஒரு கையில கம்பியப் புடிச்சிகினு ஒரு கையில படிக்கிறவனுக்கு இது புத்தகமா, பலகையா?" ஒரே கதையை இரண்டு அட்டையில் அச்சடித்து இரண்டையும் வாங்கச் சொன்னார்கள். "சட்டைய மாத்திகினு வந்தா வேற மாப்பிள்ளையா?" என்று கேட்டார். கம்ப்யூட்டரே வரைந்துகொடுத்த அட்டையில் கதாநாயகனுக்கு ஆறு விரல் இருந்ததைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். ஷெரீப் டோர்பின் கதைகளை வெப் சீரிஸாக எடுக்கப்போகிறார்கள் என்ற செய்தியைத் திட்டி முடிக்க அவருக்கு ஒரு ஞாயிறு போதவில்லை.

ஷெரீப் டோர்பின் என்பது குதிரையும் துப்பாக்கியுமாக அலையும் ஒரு வெளிநாட்டுக் கதாநாயகன். தமிழில் பேசுவான். அவனோடு ஒவ்வொரு கதையிலும் தொப்பியைச் சாய்த்து வைத்துக்கொண்டு பீட்டோ என்ற உதவியாள் வருவான். கமாலுதீனுக்கு இந்த இருவரையும் விட்டால் உலகமில்லை.

உலகத்தில் இன்னொருவர் இருந்தார், சிங்காரவேலு. சின்னமனூர்க்காரர். வேலை கிடைத்து நெய்வேலிக்கு வந்தவர். ஒரே ஸ்டாப்பில் ஏறி, ஷிப்ட் பஸ்ஸில் ஒரே சீட்டில் கமாலுதீனோடு உட்கார்ந்து வருஷக்கணக்கில் போய்வந்தவர். அவரும் காமிக்ஸ் பைத்தியம். கமாலுதீன் பிரமாதம் என்று சொன்னதை அவர் குப்பை என்பார். அவர் பிரமாதம் என்றதை இவர் தொடவே மாட்டார். அரைத் தூக்கத்தில் வருகிறவர்கள் அந்த சீட்டுக்குப் பின்னால் இடமிருந்தாலும் உட்கார மாட்டார்கள். சண்டை போட்டாலும் இருவரும் சீட்டை மட்டும் மாற்றியதில்லை.

இந்த மாதம் டோர்பினின் புதுப் புத்தகம் வந்தது. அதில் டோர்பின் யாரையும் சுடவில்லை. வயதாகிவிட்டது என்று நட்சத்திர பேட்ஜைக் கழற்றி மேசைமேல் வைக்கிறான். வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுக்கிறான். கட்டிலையும் பாத்திரத்தையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊரைவிட்டுப் போகிறான். அவ்வளவுதான் கதை. சிங்காரவேலு குழுவில் ஒரே வரி எழுதியிருந்தார்: 'நான் படித்ததிலேயே இதுதான் நல்ல கதை.'

கமாலுதீன் அந்த ஞாயிறு படியில் உட்கார்ந்து பொரிந்து தள்ளினார். "மூட்ட முடிச்சக் கட்டிகினு ஒரு ஆளு வூட்டக் காலி பண்றதப் பாக்கவா காத்துக்கினு இருந்தோம்? வேல முடிஞ்சிபோன கெழவனப் பத்தி யாருக்கு என்ன? இது நல்ல கதைன்னு சொல்றவங்களுக்கு மூளைக்குப் பதிலா சாம்பல்தான் இருக்குது."

மறுநாள் பஸ்ஸில் சிங்காரவேலு முன்னால் போய் வேறு ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அதற்கு அடுத்த நாளும் அப்படியே. கமாலுதீனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இதைவிட மோசமாகவெல்லாம் பேசிக்கொண்டிருக்கிறார்களே. வீட்டுக்கு வந்து முனவராவிடம் புலம்பினார்.

"ஏங்க, மாசக் கடைசில அவரு ரிட்டையர் ஆவுறாரு. குவார்ட்டர்ஸ காலி பண்ணிட்டு ஊருக்குப் போறாரு. நீங்க கெழவன்னு யாரச் சொன்னீங்க?"

கமாலுதீனுக்கு அப்போதுதான் உறைத்தது. தெரியாத சேதியா அது? தெரியும். தெரிந்ததால்தான் அந்தப் பேச்சையே எடுக்காமல் இருந்தார். சிங்காரவேலு சின்னமனூரில் வீடு கட்டிய கதையை ஆரம்பித்தாலே கெட்டி அட்டைப் பிரச்சினைக்குத் தாவிவிடுவார். அந்த சீட்டில் தனியாக உட்கார்ந்து போவதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. புத்தகத்தில் அதையே பக்கம் பக்கமாக வரைந்து வைத்திருந்ததைப் பார்த்ததும் கோபம் வந்துவிட்டது. பாவம், கோபம் போய் விழுந்தது ஆளின் மேல்.

மன்னிப்புக் கேட்பது பெரிய விஷயமில்லை. ஆனால் பிடிக்காத புத்தகத்தைப் பிடித்திருக்கிறது என்று எப்படிச் சொல்லுவது? அந்தப் பொய்யை முதலில் கண்டுபிடிப்பவர் சிங்காரவேலுவாகத்தான் இருப்பார். அதனால் நல்ல எண்ணத்தோடு புத்தகத்தை மறுபடி படித்தார். மறுபடியும் பிடிக்கவில்லை. ஆனால் ஏன் பிடிக்கவில்லை என்பது இந்தத் தடவை தெரிந்தது.

அடுத்த ஞாயிறு கமாலுதீன் வாய்ஸ் நோட் போடுவதை முனவரா மீனைக் கழுவாமல் கையை ஈரத்தோடு வைத்துக்கொண்டு கேட்டாள். "கெழவன்னு சொன்னது தப்பு. சாம்பல்னு சொன்னதும் தப்பு. சிங்காரண்ணே மன்னிக்கணும். ஆனா புத்தகம் எனக்குப் புடிக்கல. டோர்பின் கெளம்பிப் போறான், பீட்டோ எங்க? இத்தினி வருசம் கூடவே குதிர ஓட்டினு வந்தவன் ஒரு கட்டத்துலகூட இல்ல. வழியனுப்ப வராம இருக்க பீட்டோ அப்பிடிப்பட்ட ஆளா? எழுதினவனுக்குத் தெரியல, எனக்குத் தெரியும்."

குழுவில் பலரும் கைதட்டினார்கள். சிங்காரவேலு கேட்டுவிட்டார் என்பதற்கு நீல டிக் மட்டும் வந்தது. மாதக் கடைசியில் நடந்த வழியனுப்பு விழாவிலும் கமாலுதீன் மாலை போட்டார், சிங்காரவேலு வாங்கிக்கொண்டார், போட்டோ எடுத்தார்கள், அவ்வளவுதான்.

வீடு காலி செய்யும் நாள் அன்று கமாலுதீன் விடியற்காலையில் சுபுஹு தொழுதுவிட்டு, தொப்பியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நேராக சிங்காரவேலு வீட்டுக்கு நடந்தார். போனால் பேசுவாரா, முகத்தைத் திருப்பிக்கொள்வாரா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனார். வாசலில் மினி லாரி நின்றிருந்தது. சிங்காரவேலு கட்டில் கால்களைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன பாய், இன்னும் புத்தகம் பிடிக்கலையா?"

"புடிக்கலண்ணே."

சிங்காரவேலு கயிற்றை விட்டுவிட்டு, தோளில் மாட்டியிருந்த பையிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்தார். கடைசிப் பக்கத்தைத் திறந்தார். வண்டி போகிறது, நீளமாகப் பாதை, பாதையின் மறுகோடியில் மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று.

"இது யாரு?"

"அது கம்பம்ண்ணே. தந்திக் கம்பம்."

"கம்பத்துக்கு எதுக்கு பாய் தொப்பி?"

கமாலுதீன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூக்கு உரசப் பார்த்தார். கோட்டின் உச்சியில் சாய்வாக ஒரு புள்ளி இருந்தது.

"மை சிந்தியிருக்கும்."

"மை என்ன, சாய்வாவா சிந்தும்? பீட்டோதான். பக்கத்துல வந்தா அழுதுருவான்னு அங்கிட்டே நிக்கிறான்."

"அதப் பெருசா வரையறதுக்கு என்ன கேடு?" என்றார் கமாலுதீன்.

சிங்காரவேலு அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "வேலை முடிஞ்சவனும் ஒரு கதைக்கு ஆகுறான்னு சந்தோசமா இருந்துச்சு பாய். நீங்க ஒரே போடா போட்டுட்டீங்க. அதான் மனசு விட்டுப்போச்சு."

"தப்புதாண்ணே."

"சரி, விடுங்க. அடுத்த புத்தகம் வந்தா போன் போடுவேன். நீங்க திட்டுங்க, நான் நல்லாருக்குன்னு சொல்றேன்."

சிங்காரவேலுவும் மனைவி சந்திரகலாவும் டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டார்கள். லாரி கிளம்பியது. கமாலுதீன் பிளாக் முனை வரை பின்னாலேயே நடந்துபோய், விளக்குக் கம்பத்தடியில் நின்றார். பக்கக் கண்ணாடியில் சிங்காரவேலு பார்த்துக்கொண்டே போவார் என்று அவருக்குத் தெரியும். இங்கிருந்து பார்க்க லாரி சின்னதாகிக்கொண்டே போனது. அங்கிருந்து பார்க்கத் தாமும் அப்படித்தான் ஆகிக்கொண்டிருப்போம் என்று தோன்றியது. கம்பத்தை விட்டுத் தள்ளிப்போய் நடுரோட்டில் நின்றார். சட்டைப் பையிலிருந்த தொப்பியை எடுத்துத் தலையில் கொஞ்சம் சாய்த்து வைத்துக்கொண்டார். லாரி திரும்பி மறையும் வரை அசையவில்லை.