புகை போன வழியில் இருபது பலூன்கள்: கல்வராயன் அடிவாரப் பயணம்

கல்வராயன் மலைக்கு வழி கேட்டுப் பலர் எழுதுகிறீர்கள். நான் முதன்முதலில் போனது இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக இருந்த எண்பதுகளின் கடைசியில், ஒரு மார்கழியில். சென்னையில் பொறியியல் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தேன். மலையடிவார அரிசி ஆலை ஒன்று இரண்டாவது புகைபோக்கி கட்ட இருந்தது. புகை எங்கே போய்ப் படியும் என்று கணக்கிட்டுச் சொல்வது என் வேலை. மேற்கே வயல்பக்கம்தான் போகும், கிழக்கே உள்ள நாற்பது வீடுகளுக்குத் தொந்தரவில்லை என்று கணக்கு சொன்னது. இடத்தை ஒருமுறை பார்த்துவிட்டால் அறிக்கை தயார்.

காலை ஐந்தரைக்குப் பஸ் ஏறினேன். எலவனாசூர்கோட்டை தாண்டியதும் போராட்டக்காரர்கள் சாலையில் புளியமரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். "வண்டி போவாதுங்க, எறங்கிக்கோங்க" என்றார் கண்டக்டர். பக்கத்து சீட்டில் பலூன் வியாபாரி காசிம் பாய். கிறிஸ்துமஸ் வியாபாரத்துக்கு அதே ஊருக்குத்தான் போகிறார். அவருடைய கேஸ் சிலிண்டரை இருவருமாகத் தூக்கிக்கொண்டு ஒரு கிலோமீட்டர் நடந்தோம் (தோள்பட்டை ஒரு வாரம் வலித்தது). பிறகு ஒரு கரும்பு வண்டி, கள்ளக்குறிச்சியிலிருந்து ஒரு டிராக்டர். மாலை நான்குக்குப் போய்ச் சேர்ந்தபோது புகை மேற்கே போய்க்கொண்டிருந்தது. எனக்கு ஒரே பெருமை.

திரும்பப் பஸ் இல்லை. ஆலைக்குக் கிழக்கே இருந்த நாற்பது வீடுகளில் ஒன்றில் குடியிருந்த அற்புதமேரி டீச்சர் எங்கள் இருவருக்கும் சோறு போட்டு, தங்க இடமும் கொடுத்தார். என் வேலையைக் கேட்டதும், "பகல்ல பாத்துட்டு எழுதிக்கினு போனா இன்னா தெரியும்? விடியக்காலம் பாருங்க. கொழந்தைங்க இருமிக்கினே எழுந்திருக்கும்" என்றார்.

ஐந்தரைக்கு வெளியே வந்தேன். நெல் அவிக்க பாய்லர் மூட்டியிருந்தார்கள். புகை ஓட்டுக்கூரைகளை உரசிக்கொண்டு கிழக்கே வந்தது. நான் கணக்கில் போட்டது எங்கோ ஒரு விமான நிலையத்தின் பகல்நேரக் காற்று. இங்கே இரவில் குளிர்ந்த காற்று மலைச்சரிவிலிருந்து வீடுகளைப் பார்த்து இறங்குகிறது.

ஆறு மணிக்கு வந்த ஆலைக்காரர் நடேசன் ஒத்துக்கொள்ளவில்லை. "அது வூட்டு அடுப்புப் புகைங்க."

காற்று போகும் வழியைப் பலூன் விட்டுக் காட்டலாமா என்று காசிம் பாயைக் கேட்டேன். "நெருப்புகிட்ட வேணாங்க" என்று ஆலை மதிலுக்கு வெளியே சிலிண்டரை வைத்து, இருபது சிவப்புப் பலூன்களை ஊதினார். மேலே பறக்காமலும் தரையில் விழாமலும் மிதக்கும்படி ஒவ்வொன்றிலும் அளவு பார்த்துப் புளியங்கொட்டை கட்டினோம். விட்டதும் நடைவேகத்தில் கிழக்கே நகர்ந்தன. தெருவே பின்னால் ஓடியது. நடேசனும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். பத்தொன்பது, வீடுகளுக்கு நடுவே போய்ச் சேர்ந்தன. ஒன்று டீச்சர் வீட்டு முருங்கையில் சிக்கி வெடித்தது.

நடேசன் மூச்சு வாங்கச் சிரித்தார். "இன்னா சார், எல்லாம் இங்கியே வந்துடுச்சே! இப்ப இன்னா பண்ணணும்?"

புகைபோக்கி இரண்டு மடங்கு உயரம், குளிர்மாதங்களில் எட்டு மணிக்குப் பிறகே பாய்லர் என்றேன். அறிக்கையை டீச்சர் வீட்டிலேயே உட்கார்ந்து மாற்றி எழுதினேன். அதற்குள் பாயின் மிச்சப் பலூன்கள் எல்லாம் விற்றுப்போயின.

நீங்கள் போவதானால் ரயிலில் சின்னசேலம் இறங்குங்கள். கள்ளக்குறிச்சிக்குப் பஸ்ஸில் அரைமணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். அடிவாரத்தில் ஒரு ராத்திரியாவது தங்குங்கள். ஸ்வெட்டர் அவசியம். விடியற்காலை வெளியே வந்து நின்றால், மலையிலிருந்து இறங்கும் காற்று பிடரியில் படும். போன மார்கழியிலும் நின்று பார்த்தேன். புகை வாசனையே இல்லை.